மேடையும் பட்டறையும்: முதலீட்டு எடுத்துரைப்பு அரங்குகள் பற்றிய ஒரு மறுப்புரை

இலங்கையின் பல்கலைக்கழகங்களிலும் நகரங்களிலும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு புதிய சடங்கு வேரூன்றியுள்ளது. மாலைவேளையில் குளிரூட்டப்பட்ட மண்டபமொன்றில் மாணவரும் இளம் பட்டதாரிகளும் கூடுவர். மேடையிலே ஓர் ஒலிவாங்கி. பின்னணியில் ஒரு பெருந்திரை. முன்வரிசையில் மூன்று அல்லது ஐந்து நடுவர்கள். ஒவ்வொரு போட்டியாளருக்கும் சில நிமிடங்கள் வழங்கப்படும். அந்நேரத்துள் அவர் தம் எண்ணத்தையும், அது தீர்க்கவிருக்கும் பிரச்சினையையும், அதற்குரிய சந்தையின் பருமனையும், தாம் வேண்டிநிற்கும் முதலின் அளவையும் எடுத்துரைத்தல் வேண்டும். நடுவர்கள் வினவுவர், சபையோர் கைதட்டுவர், இறுதியில் வெற்றிபெற்றவரிடம் ஆளுயரக் காசோலை அட்டையொன்று கையளிக்கப்படும், புகைப்படம் எடுக்கப்படும். ஆங்கிலத்தில் 'பிட்ச்' என வழங்கும் இவ்வெடுத்துரைப்பு மாலைகளே இளைஞரைத் தொழில் முயற்சியாளராக்கும் வழியென்றும், 'ஸ்டார்ட்அப்' எனப்படும் தொடக்க நிறுவனங்களே பட்டதாரிகளின் வேலையின்மைக்கும் வெளிநாட்டுக் குடிபெயர்வுக்கும் மருந்தென்றும் அதே மேடைகளிலே திரும்பத் திரும்பக் கூறப்படுகின்றது.

இக்கூற்று ஆராய்தற்குரியது. இளைஞர் தொழில் தொடங்குதல் நன்று என்பதில் ஐயமில்லை. அவர் தம் கருத்தைப் பலர்முன் தெளிவாகக் கூறப் பழகுதலும் நன்றே. ஆனால் எடுத்துரைப்பு மாலையைப் பேச்சுப் பயிற்சியாக மாத்திரம் கொள்ளுதல் இயலாது. அது ஒரு குறிப்பிட்ட வகை மூலதனம் தனக்கு ஏற்றவரைத் தெரிந்தெடுப்பதற்காக அமைத்துக்கொண்ட சல்லடையாகும். அம்மூலதனம் குவிந்து கிடக்கும் நாடுகளில் அச்சல்லடைக்கு ஒரு வேலை உண்டு. தானியமில்லாத களத்திற் சல்லடையை மட்டும் கொண்டுவந்து அரிப்போர் புழுதியையே காண்பர். அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. தொழில் என்றால் என்ன, முதல் என்றால் என்ன, தோல்வி என்றால் என்ன என்பன பற்றிய மாணவரின் விளக்கத்தையே இச்சடங்கு திரித்துவிடுகின்றது.

இதன் பிறப்பு வரலாறு நோக்கத்தக்கது. ஒரு வேர் தொலைக்காட்சிக் கேளிக்கையில் உள்ளது. 2001 இல் யப்பானின் நிப்பொன் தொலைக்காட்சி, செல்வந்தர் சிலரை வரிசையாக இருத்தி, அவர்முன் சாதாரண மக்கள் வந்து தொழிலுக்குப் பணம் கேட்கும் நிகழ்ச்சியொன்றைத் தொடங்கியது. 2005 இல் பி.பி.சி. அதனைத் தழுவி 'டிராகன்ஸ் டென்' நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. 2009 இல் அமெரிக்காவில் 'ஷார்க் டாங்க்' தோன்றியது; 2021 இன் இறுதியில் அதன் இந்திய வடிவம் வெளிவந்தது. யப்பானிற் புலி, பிரித்தானியாவில் டிராகன், அமெரிக்காவிற் சுறா என, முதலிடுவோரைக் குறிக்க இந்நிகழ்ச்சிகள் தேர்ந்த பெயர்கள் யாவும் கொன்றுண்ணும் பிராணிகளின் பெயர்கள். இவ்விடயத்தில் அவற்றின் நேர்மையைப் பாராட்டவே வேண்டும். மற்றைய வேர் அமெரிக்காவில் 2005 இல் தோன்றிய 'வை கொம்பினேற்றர்' போன்ற அமைப்புக்களில் உள்ளது. இளம் நிறுவனங்கள் பலவற்றில் ஒரே காலத்திற் சிறுதொகை முதலிட்டு, சில மாதங்கள் அவற்றைப் பழக்கி, ஈற்றில் அழைக்கப்பட்ட முதலீட்டாளர்முன் ஒரே நாளில் அவற்றை நிறுத்தும் முறையை அது நிலைநாட்டியது. அங்கே சபையில் இருந்தோர் உண்மையாகவே பணம் கொண்டுவந்தவர்கள். இவ்விரு வேர்களும் இணைந்து உலகெங்கும் பரவியபோது, இலங்கைக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் முதலாவது வேரின் கிளையே. சபை உண்டு, நடுவர் உண்டு, விறுவிறுப்பு உண்டு. முதலிடுவோர் மாத்திரம் அரியர்.

மேடை எதனை அளக்கின்றது என்பது அடுத்த வினா. தமிழ் மாணவர் பட்டிமன்றத்திற்குப் புதியவரல்லர். பட்டிமன்றத்தில் வென்ற அணியின் கட்சியே உண்மையென எவரும் கொள்வதில்லை. பேச்சாற்றலுக்கே பரிசு என்பது யாவரும் அறிந்தது. எடுத்துரைப்பு மாலையிலோ பேச்சாற்றலுக்கு அளிக்கப்படும் பரிசு தொழிலுக்கு அளிக்கப்படும் சான்றிதழாகக் கொள்ளப்படுகின்றது. 2014 இல் அமெரிக்க ஆய்வாளர் நால்வர் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையொன்று இங்கு கருதத்தக்கது. ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் கேட்பித்தபோது, கேட்டோர் ஆண் குரலில் வந்ததையே கூடுதலாக விரும்பினர். தோற்றப் பொலிவுள்ள ஆணின் உரை மேலும் விரும்பப்பட்டது. சொற்கள் மாறவில்லை, தொழிலும் மாறவில்லை. 2018 இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு, நியூயோர்க்கில் நடைபெற்ற புகழ்பெற்ற எடுத்துரைப்புப் போட்டியொன்றின் வினாக்களை ஆராய்ந்தது. ஆண்களிடம் எவ்வளவு வளர்வீர்கள் என்ற போக்கிலும், பெண்களிடம் நட்டத்தை எவ்வாறு தவிர்ப்பீர்கள் என்ற போக்கிலுமே நடுவர்கள் பெரும்பாலும் வினவினர் என்பதும், முதல்வகை வினாக்களைப் பெற்றோரே பின்னர் கூடுதலான முதலைத் திரட்டினர் என்பதும் அதன் முடிபுகள். முதலீட்டிற் பழுத்த அனுபவமுடையோர் கூடும் அரங்குகளிலேயே நிலைமை இதுவாயின், ஒரு பீடத்தின் ஆண்டுவிழா மண்டபத்தில் நான்கு நிமிடங்களில் அளக்கப்படுவது யாதென விளக்க வேண்டியதில்லை.

மேடை அளக்கத் தவறுவதற்குத் தெரானோஸ் நிறுவனத்தின் கதை தக்க எடுத்துக்காட்டு. ஒரு துளி இரத்தத்திற் பல பரிசோதனைகளைச் செய்யும் கருவி தம்மிடம் உண்டெனக் கூறி 2003 இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், 2014 அளவில் 900 கோடி டொலர் பெறுமதியுடையதென மதிக்கப்பட்டது. அதன் நிறுவுநரின் மேடைத் தோற்றமும் குரலும் உலகப் புகழ் பெற்றிருந்தன. கருவி மட்டும் கூறியவாறு வேலை செய்யவில்லை. 2022 இல் நீதிமன்றம் அவரை மோசடிக் குற்றவாளியாகக் கண்டு பதினொரு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அக்கதையை ஒரு தனியாளின் ஒழுக்கக்கேடாக மட்டும் கொள்ளுதல் போதாது. கருவியைப் பிரித்துப் பாராது, அதனைப் பற்றிய உரையைக் கேட்டுப் பணமிட்டவர்களின் பழக்கமே அம்மோசடிக்கு இடமளித்தது.

இம்மூலதனத்தின் கணக்கை விளங்கிக்கொண்டால் மேடையின் தர்க்கமும் விளங்கும். துணிகர முதலீட்டு நிதியமொன்று பிறர் பணத்தைத் திரட்டி, பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்குள், அதனைப் பன்மடங்காக்கித் திருப்புவதாகப் பொறுப்பேற்கின்றது. ஓர் உதாரணத்தைக் கொள்க. 100 ரூபாவைப் பத்து நிறுவனங்களிற் பத்து ரூபா வீதம் இட்டு, அதனை 300 ரூபாவாகத் திருப்ப வேண்டியுள்ளது. ஐந்து நிறுவனங்கள் முற்றாக அழிகின்றன. மூன்று இட்ட முதலை மாத்திரம் மீட்டுத் தருகின்றன. எஞ்சிய இரண்டுமே 270 ரூபாவையும் தரல் வேண்டும். அதாவது ஒவ்வொன்றும் பதின்மூன்றரை மடங்காகப் பெருக வேண்டும். அவ்விரண்டும் எவையென முன்கூட்டித் தெரியாதாகையாற் பத்து நிறுவனங்களுமே அவ்வாறு பெருகக் கூடியவையாகத் தோன்றுதல் அவசியம். இனி ஒரு பட்டறையைக் கொள்க. அது ஆண்டுக்கு 15 சதவீத இலாபமீட்டி, அதனைத் தொழிலிலேயே மீள இடுமாயின், பத்தாண்டில் அதன் முதல் ஏறக்குறைய நான்கு மடங்காகும். எந்த ஊரிலும் அது சிறந்த தொழிலே. கடனை அடைக்கும், தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்கும், பிள்ளைகளைப் படிப்பிக்கும். ஆயினும் எடுத்துரைப்பு மேடையில் அது தோற்றே தீரும். நெல் குற்றும் இயந்திரங்களைத் திருத்துபவரும், மீனைப் பதப்படுத்தித் தென்னிலங்கைக்கு அனுப்புபவரும், பாடசாலைகளுக்குக் கணக்கியல் மென்பொருள் எழுதுபவரும் 'உங்கள் தொழில் எவ்வாறு நூறு மடங்காகும்?' என்ற வினாவுக்கு நேர்மையாக விடையளிக்க முடியாது. நேர்மையாக விடையளித்தோர் மேடையிலிருந்து இறங்குவர். பொய்யான வளர்ச்சிக் கோடு ஒன்றைத் திரையில் வரைந்தோர் தங்குவர். முயற்சியாண்மையின் முதற்பாடமாக ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவருக்கு இதனைக் கற்பிக்கலாமா?

இவ்வினாவிற்கு எதிராகச் சிலிக்கன் பள்ளத்தாக்கின் பெயர் உடனே முன்வைக்கப்படும். எனவே அப்பள்ளத்தாக்கின் வரலாற்றையும் நோக்குதல் தகும். 1939 இல் ஹியூலட், பக்கார்ட் என்னும் இரு பொறியியலாளர் தொடங்கிய நிறுவனம், தம் ஒலிச் சோதனைக் கருவிகளில் எட்டினை டிஸ்னி நிறுவனம் வாங்கியதால் ஊன்றியது. 1957 இல் விஞ்ஞானிகள் எண்மர் தொடங்கிய 'பெயார்சைல்ட் செமிகண்டக்டர்' நிறுவனத்தின் முதற் கட்டளை 100 திரான்சிஸ்டர்களுக்கானது. ஒன்றுக்கு 150 டொலர் வீதம் அவற்றை வாங்கியது ஐ.பி.எம்.; அவை சென்று சேர்ந்தது ஒரு போர் விமானத் திட்டத்திற்கு. 1960களின் முற்பகுதியில் ஒருங்கிணைந்த மின்சுற்றுக்களின் தலையாய வாடிக்கையாளராக விளங்கியவை ஏவுகணைத் திட்டமும் சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அப்பலோத் திட்டமுமாம். தேடுபொறி நிறுவனமான கூகிளின் அடிப்படை ஆய்வுக்கும் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிதியத்தின் நூலகத் திட்டமொன்று துணைநின்றது. அரசு பொறுமையாக ஆய்வுக்குப் பணமிட்டது. முதன்முதலாகப் பொருளை வாங்கியது. விலை குறையும்வரை வாங்கிக்கொண்டே இருந்தது. அவ்வரசின் போர்த் தேவைகள் இகழத்தக்கன என்பது வேறு விடயம். இங்கு மனங்கொள்ள வேண்டியது, வாங்குவோன் முன்னும் மேடை பின்னுமாகவே அப்பள்ளத்தாக்கு வளர்ந்தது என்பதாம். இலங்கையில் மேடை முன்னே வந்துள்ளது. வாங்குவோன் இன்னும் வரவில்லை.

இலங்கையிலேயே இதற்குச் சான்று உண்டு. 2005 இல் கொழும்பிலே தொடங்கப்பெற்ற டபிள்யூ.எஸ்.ஓ.2 மென்பொருள் நிறுவனத்தை 2024 இல் ஐரோப்பிய முதலீட்டு நிறுவனமொன்று 60 கோடி டொலருக்கு மேற்பட்ட பெறுமதிக்கு வாங்க இணங்கியது. அவ்வெற்றியின் பின்னணியில் நின்றது ஒரு மாலைப்பொழுதின் உரையன்று. திறந்த மூல மென்பொருட் சமூகத்திற் பல ஆண்டுகளாக இலங்கைப் பொறியியலாளர் ஆற்றிய உழைப்பு அதற்கு முன்னரே இருந்தது. அவர்கள் எழுதிய நிரலை எவரும் எடுத்துச் சோதிக்கக்கூடியதாகவும் இருந்தது.

வட மாகாணத்தின் நிலையை நோக்கினால் இப்பிரச்சினை மேலும் கூர்மையடையும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டு முன்னேறினர். அக்காலத்தில் நாட்டின் ஏனைய மக்கள் பண்டத் தட்டுப்பாட்டால் வருந்தினர் என்பதையும் மறுத்தற்கில்லை. 1977 இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபோது மலிவான இறக்குமதிப் பொருள்கள் அவர்களின் சந்தையைப் பறித்தன. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும், ஆனையிறவு உப்பளமும் போர்க்காலத்தில் முடங்கின. 2009 இற் போர் முடிந்தபின் முதலில் வந்து சேர்ந்தவை வங்கிக் கிளைகளும், குத்தகைக் கம்பனிகளும், நுண்கடன் நிறுவனங்களுமே. அந்நுண்கடனும் பெண்களுக்கு 'முயற்சியாண்மை' என்ற பெயரிலேயே வழங்கப்பட்டது. வாரந்தோறும் வீட்டு வாசலுக்கு வந்து வசூலித்த அக்கடனின் சுமை, 2018 இல் அரசாங்கமே வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்குக் கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு முற்றியது.

அடுத்து 2022 வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. சில நாட்களில் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. சிறு, நடுத்தர முயற்சியாளர் பலர் கடனிற் சிக்கினர். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கடன் தவறியவரின் ஈட்டுச் சொத்தை நீதிமன்றத் தீர்ப்பின்றியே ஏலத்தில் விற்கும் 'பராட்டே' அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு. ஏலங்களுக்கு எதிராக முயற்சியாளர் குரலெழுப்பியதையடுத்து, 2024 இற் பாராளுமன்றம் அவ்வதிகாரத்தைத் தற்காலிகமாக இடைநிறுத்த நேர்ந்தது. ஒரு பக்கத்தில் அரிசி ஆலையையும் அச்சகத்தையும் விடுதியையும் பல்லாண்டுகள் நடத்தியவர்கள் தம் உறுதிகளை வங்கியில் இழக்கும் நிலையில் நின்றனர். மறுபக்கத்தில், அவர்களின் பிள்ளைகள் பயிலும் பல்கலைக்கழக மண்டபங்களில், இன்னும் ஒரு பொருளும் விற்காத நிறுவனங்களின் 'பெறுமதி' பற்றி நடுவர்கள் வினவினர். 'உள்ளூர் முயற்சியாளர் சமூகம்' என்ற சொற்றொடர் இவ்விரு கூட்டத்தாருள் யாரைக் குறிக்கின்றது? அம்மாலைகளின் அழைப்பிதழ்களைக் கொண்டு தீர்மானிப்பதாயின், ஆலைக்காரரும் அச்சகத்தாரும் அச்சமூகத்தின் அங்கத்தினர் அல்லர்.

எதிர்வாதங்களுள் வலிமையானது ஒன்றை இங்கு எடுத்துக்கொள்ளல் முறையாகும். பழைய வணிக உலகம் உறவுக்கும் சாதிக்கும் சீதனத்திற்கும் கட்டுப்பட்டிருந்தது. தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்த யாழ்ப்பாணத்தவர் ஊரிலிருந்து தம் உறவுப் பையன்களையே சிப்பந்திகளாக அழைத்தனர். தொழில் கற்றவனே பின்னர் தனிக்கடை வைத்தான். உறவில்லாதவனுக்கு அவ்வாசல் அடைபட்டிருந்தது. பிறப்பாலும் பாலாலும் ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு, எவரையும் தெரியாமலே ஏறிப் பேசக்கூடிய மேடை ஒரு திறப்பல்லவா என்பது அவ்வாதம்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. பழைய வணிக முறையைப் புகழ்வதற்கு இடமில்லை. ஆனால் அடைபட்ட வாசலைத் திறத்தற்கு முன்னைய தலைமுறையினர் கண்ட வழிகளை நினைவுகூர்தல் தகும். 1911 இல் இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் உள்ளூர் வணிகருக்குக் கடன் மறுத்து, அவர்கள் செட்டிமாரின் வட்டியையே நம்பியிருந்த நிலையை 1934 ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு ஆராய்ந்தது. அதன் விளைவாக 1939 இல் இலங்கை வங்கி தோன்றியது. 1961 இற் கூட்டுறவு இயக்கத்தின் அடித்தளத்தில் மக்கள் வங்கி உருவாயிற்று. அந்நிறுவனங்கள் பிற்காலத்தில் எவ்வாறாயின என்பது தனியாக ஆராயத்தக்கது. எனினும் கடன் மறுக்கப்பட்ட மக்களுக்கு அத்தலைமுறையினர் நிறுவனங்களை அமைத்துக் கொடுத்தனர். அவர்களுட் சிறந்த பேச்சாளன் ஒருவனைத் தெரிந்து பரிசளித்து மற்றையோரை வீட்டுக்கு அனுப்பவில்லை. மேலும், இன்றைய மேடை யாருக்குத் திறந்துள்ளது? அங்கு வழங்கும் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். வழங்கும் உடை, சைகை, நகைச்சுவை யாவும் ஒரு நகர்ப்புற வர்க்கத்துக்குரியன. கிளிநொச்சியின் உட்கிராமத்திலிருந்து பொறியியற் பீடத்துக்கு வந்த மாணவி, தான் அமைத்த நீர்ப்பம்பிக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தன் சொற்களுக்குத் தடுமாறுவாள். கொழும்பிற் பேச்சுக்கலை பயின்ற மாணவன் வெறுங்கையுடன் வெல்வான். சாதிக்கும் சீதனத்திற்கும் பதிலாக உச்சரிப்பு வாயிற்காப்போனாக அமர்ந்துள்ளது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குதல் வேண்டும். இக்கண்டனம் மேடைக்குரியது, முயற்சியாளர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் சமூகத்திற்குரியதன்று. இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் 2016 இற் 'டிஸ்ரப்ட் ஏசியா' மாநாட்டைத் தொடங்குவதற்கு முன்னரே, யாழ்ப்பாணத்தில் 'யாழ் ஐ.ரி. ஹப்' என்னும் தன்னார்வ அமைப்பு தோன்றி, 2012 முதல் 'யாழ் கீக் சலஞ்ச்' போட்டியை நடத்தி வந்துள்ளது. போர் ஓய்ந்த சில ஆண்டுகளுக்குள், புலம்பெயர்ந்தோரும் உள்ளூரவருமான பொறியியலாளர் ஊதியமின்றி மாணவருக்கு வழிகாட்ட முன்வந்தமை மதிக்கத்தக்கது. ஆயின் அத்தகைய அமைப்புக்களின் சிறப்பு எங்குள்ளது? இறுதிநாள் மேடைக்கு முந்திய வாரங்களில், ஒரு மூத்தவர் ஓர் இளையவரின் அருகிலமர்ந்து பிழைதிருத்தும் வேளையிலேயே அது உள்ளது. பரிசு வழங்கும் படம் பத்திரிகையில் வெளிவரும். பிழைதிருத்திய இரவுகள் வெளிவாரா. விழாக்களுக்கு அனுசரணை வழங்கும் நிறுவனங்களும் அப்படத்துக்கே பணம் தருவன. அதனாற் காலப்போக்கில் நல்ல அமைப்புக்களும் பட்டறையைச் சுருக்கி மேடையை விரிக்கும் நிர்ப்பந்தத்துக்கு ஆளாகின்றன. 'யாழ்ப்பாணத்தில் அடுத்த சிலிக்கன் பள்ளத்தாக்கு' என்னும் கனவும் அந்நிர்ப்பந்தத்திற்கே தீனியாகின்றது. யாழ்ப்பாணத்துக்கு வேண்டியது இன்னொரு நாட்டின் பள்ளத்தாக்கா, தன் நிலத்தடி நீரையும் மீனையும் பனையையும் கல்வியையும் கொண்டு வாழத்தக்க ஒரு பொருளாதாரமா என்ற வினா கேட்கப்படாமலே போகின்றது.

அவ்வாறாயின் பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கது யாது? முதலாவது, அவை முதல் வாடிக்கையாளராதல் வேண்டும். ஒவ்வொரு பீடமும் ஆண்டுதோறும் தளபாடம், ஆய்வுகூடப் பொருள், மென்பொருள், உணவு என எத்தனையோ வாங்குகின்றது. கேள்விப்பத்திரங்கள் முன்னனுபவத்தையும் பிணையையும் கோருவதால் புதிய முயற்சியாளர் அவற்றை அணுகவே முடிவதில்லை. அக்கொள்வனவிற் சிறுபகுதியையேனும் தன் பட்டதாரிகளின் சிறு தொழில்களுக்கு ஒதுக்கும் வழியைத் தேடுதல், நூறு விழாக்களினும் பயன்தரும். இரண்டாவது, பரிசை மேடையிலன்றிக் கணக்கேட்டில் வழங்குக. ஓராண்டு தொழில் நடத்திய மாணவர் தம் வரவு செலவு ஏட்டுடனும், செய்த பொருளுடனும், அதனை வாங்கிய இருவருடனும் தேர்வாளர்முன் வரட்டும். அத்தேர்வு அவரது பட்டறையிலேயே, அவருக்கு வாய்த்த மொழியிலே, இரண்டு மணி நேரம் நடைபெறட்டும். மூன்றாவது, வணிகபீட மாணவர் தொடக்க நிறுவனங்களின் உரைகளைச் செப்பனிடுவதற்குச் செலவிடும் காலத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைச் சீராக்குவதற்கும், வட்டிக்கடனிற் சிக்கிய ஊர்த் தொழில்களின் ஒப்பந்தங்களை வாசித்து விளக்குவதற்கும் செலவிடட்டும். நான்காவது, தோல்விகள் பதிவு செய்யப்படுக. வென்றோரின் படங்கள் சுவர்களில் தொங்குகின்றன. மூன்றாண்டுகளின் பின் அவர்களின் நிறுவனங்கள் யாவாயின என்பதை எவரும் எழுதுவதில்லை. பரிசளித்த ஒவ்வொரு நிறுவனத்தின் பிற்கால நிலையையும் ஆண்டுதோறும் வெளியிடும் துணிவு ஒரு பல்கலைக்கழகத்துக்கு இருக்குமாயின், அவ்வேடு எந்த முயற்சியாண்மைப் பாடநூலினும் மேலானதாகும்.

இவை சிறிய காரியங்கள் என்றும், பொருளாதார அமைப்பே மாறாமல் இவற்றாற் பெரும்பயன் விளையாதென்றும் கூறுவார் உளர். வட்டி வீதத்தையும் இறக்குமதிக் கொள்கையையும் ஒரு பீடம் மாற்றிவிட முடியாது என்பது மெய்யே. ஆனால் அவற்றை மறைக்கும் திரையாக இல்லாதிருக்க அதனால் முடியும். எடுத்துரைப்பு மாலையின் ஆழ்ந்த தீங்கு இம்மறைப்பிலேயே உள்ளது. வேலையின்மைக்குக் காரணம் இளைஞரின் எண்ணத்திலும் துணிவிலும் உள்ள குறையே என அது மௌனமாகக் கற்பிக்கின்றது. கடன் கிடையாமை, சந்தையின்மை, நில உறுதி இன்மை, போரின் அழிவு, 2022 இன் வீழ்ச்சி ஆகிய யாவும் அதன் ஒளிவட்டத்துக்கு வெளியே விடப்படுகின்றன. மேடையிலே தோற்ற மாணவன் தன்னையே குறைகூறிக்கொண்டு கடவுச்சீட்டு வரிசையில் நிற்கிறான்.

ஆளுயரக் காசோலை அட்டையை எந்த வங்கியும் மாற்றித் தராது. முன்பின் அறியாத ஒருவர் ஒரு பொருளைக் கையிலெடுத்துப் பார்த்து, விலை கேட்டு, பணம் கொடுத்து, அடுத்த மாதமும் வேண்டுமெனச் சொல்லிச் செல்லும்போது எழுதப்படும் சிறு பற்றுச்சீட்டே ஒரு தொழிலின் பிறப்புச் சான்று. அப்பற்றுச்சீட்டை எழுதும் நாளை நோக்கி மாணவரை ஆற்றுப்படுத்துதல் பல்கலைக்கழகங்களின் கடன். கைதட்டலை வேறு அரங்குகள் பார்த்துக்கொள்ளும்.